ஜப்பானில் கை நனைக்க: கேள்வி பதில்

14 வருடமாகக் கியோட்டோவில் குப்பை கொட்டுகிறேன். பிழைப்பு மொழிபெயர்ப்பு. தேநீர் வகுப்பு, சாயப் பட்டறை, மண்பாண்டக் கூடம் என்று வெளிநாட்டார் வந்து உட்காரும் இடங்களில் ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதைச் சொல்வேன். முணுமுணுப்பதைச் சொல்லாமல் விடுவேன். இந்த மாதிரி வகுப்புகளுக்கு இங்கே ‘தாய்க்கென்’ என்று பெயர். நம்முடைய ‘பட்டறிவு’ அதற்குச் சரியாகப் பொருந்தும்.

இன்று மாலை முழுக்க இருக்கிறேன். கையால் செய்து பார்க்கும் சங்கதிகளை மட்டும் கேளுங்கள். விசா, ரயில் பாஸ், சிம் கார்டு வேண்டாம். ஆரம்பிக்கும் முன் ஒன்று: ஓட்டை இல்லாத சாக்ஸ், முடிந்தால் வெள்ளை, ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும். இங்கே பல வகுப்புகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும்.

கும்பகோணத்தான்: ஏப்ரலில் மனைவியுடன் வருகிறேன். தேநீர்ச் சடங்கில் உட்கார ஆசை. 45 நிமிட வகுப்புகள் எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கான போலி, அசல் சடங்கு நான்கு மணி நேரம் என்று படித்தேன். அசலுக்கு எப்படிப் போவது? இருவருக்கும் வயது ஐம்பதுக்கு மேல், முட்டி கொஞ்சம் தகராறு.

பதில்: நான்கு மணி நேரம் என்பது உண்மைதான். அது ‘சாஜி’. முதலில் சாப்பாடு, அப்புறம் கெட்டித் தேநீர், கடைசியில் இளந்தேநீர். அதற்கு டிக்கெட் கிடையாது, அழைப்புதான். விருந்தினருக்கே அதற்குப் பயிற்சி வேண்டும். எப்போது எதைக் கையில் எடுப்பது, எந்தக் கிண்ணத்தைப் பற்றி என்ன கேட்பது என்று தெரியாமல் போனால் நான்கு மணி நேரமும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வருகிறவர்களுக்குக் கொடுப்பது அந்தக் கடைசிப் பகுதியை மட்டும்: ஒரு இனிப்பு, ஒரு கிண்ணம் இளந்தேநீர். கச்சேரியில் துக்கடா மட்டும் கேட்பது போல. துக்கடா போலி ஆகாது.

ஆனால் 45 நிமிடத்துக்குள்ளும் நல்லது கெட்டது உண்டு. பதிவு செய்யும் முன் மூன்று கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர்? எட்டுக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். ஆசிரியர் கலக்கிக் கொடுப்பதை முதலில் குடிக்கிறோமா, இல்லை நேராக நம் கையில் மூங்கில் கலக்கியைக் கொடுத்துவிடுவார்களா? முதல் கிண்ணம் அவர் கையால் வர வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கலக்கியது நன்றாக வந்ததா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? மூன்றாவது, உட்காரும் அறையில் பாய் விரித்திருக்கிறதா, மேசை நாற்காலியா? உங்கள் முட்டிக்கு நாற்காலிதான் நல்லது. வெட்கப்பட ஒன்றுமில்லை. நாற்காலியில் அமர்ந்து செய்யும் முறையை, தேநீர்ச் சடங்கின் பெரிய மரபுகளில் ஒன்றான உராசென்கே குடும்பமே 1872-ல் கியோட்டோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டாருக்காக ஏற்படுத்தியது.

பாயில்தான் உட்காருவேன் என்றால், அந்த இருப்புக்கு ‘செய்ஸா’ என்று பெயர். அப்படியே நம் வஜ்ராசனம். சம்மணம் போட்டுப் பழகியவர்கள் ‘எங்களுக்கென்ன’ என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருமுறை நம்மூர்ப் பெரியவர் ஒருவர், தினமும் பூஜையில் ஒரு மணி நேரம் உட்காருகிறவர், இருபது நிமிடம் சிலையாக இருந்தார். எழுந்தபோதுதான் வலது கால் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை என்று தெரிந்தது. சரிந்தவர் பக்கத்தில் இருந்த கதவைப் பிடித்தார். காகிதக் கதவு. கை மணிக்கட்டு வரை அந்தப் பக்கம் போய்விட்டது. ஆசிரியர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, எனக்குத்தான் வியர்த்தது. எழுவதற்கு முன் கால்விரல்களை மடித்து ஊன்றி, குதிகால் மேல் அரை நிமிடம் இருங்கள். ரத்தம் இறங்கட்டும். அப்புறம் எழுந்திருங்கள்.

இனிப்பை முழுதாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் தேநீர். பலகாரமும் காப்பியும் மாதிரி மாற்றி மாற்றி இல்லை. கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் கடிகார முள் திசையில் இரண்டு தடவை கொஞ்சமாகத் திருப்புங்கள். கிண்ணத்தின் அழகான முகப்பில் வாய் வைக்காமல் இருக்கத்தான் இந்தத் திருப்பல். கடைசி மிடறை உறிஞ்சும் சத்தம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். குடித்து முடித்தாயிற்று என்று அதற்கு அர்த்தம்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் மூன்றையும் வெளியிலேயே கழற்றிவிடுங்கள். உங்கள் கையில் வைப்பது நூறு வருடக் கிண்ணமாக இருக்கலாம். கீறல் விழுந்தால் யாரும் திட்ட மாட்டார்கள், அதுதான் இன்னும் கஷ்டம்.

செலவு குறைவாக வேண்டுமென்றால் கியோட்டோவுக்குப் பக்கத்து ஊரான உஜி. ஆற்றங்கரையில் நகராட்சியே நடத்தும் ‘தைஹோஆன்’ தேநீர்க் குடில் இருக்கிறது.

சேலத்துக்காரி: ஒரே கிண்ணத்தை எல்லோரும் மாற்றி மாற்றிக் குடிப்பார்களாமே? எச்சில் இல்லையா?

பதில்: அது கெட்டித் தேநீருக்கு. ஒருவர் குடித்த விளிம்பைத் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். இளந்தேநீர் ஆளுக்கொரு கிண்ணம். சுற்றுலா வகுப்பில் உங்களுக்குக் கிடைப்பது இளந்தேநீர்தான், நிம்மதியாக வாருங்கள்.

நீலாம்பரி: அக்கா, நான் கைத்தறிக் கடை வைத்திருக்கிறேன். அங்கே நீலச் சாயம் போடக் கற்றுத்தருகிறார்களாமே. நம் அவுரி தானே அது? அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து வந்து சாயம் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

செடி வேறு. நம் அவுரி பயறு வகையைச் சேர்ந்த செடி. இங்கே இருப்பது ‘தாதே-அய்’, ஆற்றோரம் வளரும் வேறு குடும்பத்துச் செடி. இரண்டிலிருந்தும் கடைசியில் கிடைக்கும் நீலம் ஒன்றுதான், வழி வேறு. நம் பக்கம் பச்சை இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அடித்துக் கலக்கி, அடியில் படிவதைக் கட்டியாக எடுப்பார்கள். இங்கே இலையைக் காயவைத்துக் குவித்து, தண்ணீர் தெளித்து, புரட்டிப் புரட்டி ஏறக்குறைய நூறு நாள் மக்கவைப்பார்கள். வருவது கருப்பு எரு மாதிரி ஒன்று, பெயர் ‘சுக்குமோ’. அதைச் சாம்பல் தண்ணீர், சுண்ணாம்பு, கோதுமைத் தவிடு சேர்த்துத் தொட்டியில் புளிக்கவிட வேண்டும். நுண்ணுயிர் வேலை செய்தால்தான் சாயம் துணியில் ஏறும் நிலைக்கு வரும். தொட்டி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம் மேலே திரளும் ஊதா நுரை. அதை ‘நீலப் பூ’ என்கிறார்கள். வாசனை? மாட்டுக் கொட்டில்.

போக வேண்டிய ஊர் ஷிக்கோக்கு தீவில் தொக்குஷிமா. யோஷினோ ஆறு வெள்ளத்தில் கொண்டுவந்து போட்ட வண்டலில் பல நூறு வருடமாக விளைகிற பயிர் இது. பக்கத்தில் ஐசூமி என்ற ஊரில் பழைய சாய வியாபாரியின் வீடு ‘அய் நோ யகாத்தா’ என்ற அருங்காட்சியகமாக இருக்கிறது; அங்கேயே கைக்குட்டை சாயம் போடலாம்.

துணியைத் தொட்டிக்குள் விட்டு, காற்றுக் குமிழி விடாமல் உள்ளுக்குள்ளேயே பிசைய வேண்டும். வெளியே எடுக்கும்போது பாசி நிறம். ‘கெட்டுப்போச்சு’ என்று முகம் வாடும். உதறிப் பிரியுங்கள். காற்றுப் பட்ட இடத்திலிருந்து, உங்கள் கண்ணெதிரே, பச்சை விலகி நீலம் ஊறி வரும். மடிப்புக்குள் இருந்த பகுதி இன்னும் பச்சையாக இருக்கும். அதையும் விரித்தால் அதுவும் மாறும். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இப்போதும் அந்த அரை நிமிடத்தில் என்னால் மொழிபெயர்க்க முடிவதில்லை. இன்னும் கருநீலம் வேண்டுமென்றால் மறுபடி முக்குங்கள், மறுபடி உதறுங்கள்.

வேட்டி தாராளமாகக் கொண்டு வரலாம், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பல பட்டறைகளில் துணியை எடை போட்டுக் காசு வாங்குவார்கள். கஞ்சியை முழுக்க அலசி எடுத்துவிட்டு வாருங்கள், கஞ்சி இருந்தால் திட்டுத் திட்டாக ஏறும். சுத்தப் பருத்தி என்றால் அழகாகப் பிடிக்கும். கரையில் இருக்கும் ஜரிகை சாயம் ஏறாமல் அப்படியே நிற்கும், அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கையுறை கொடுப்பார்கள், போடுங்கள். நகத்தில் ஏறினால் ஒரு வாரம் போகாது. மோதிரம் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

மாமல்லன்: போதிதர்மர் காஞ்சிபுரத்துத் தமிழர். ஜென், தேநீர், கராத்தே எல்லாம் அவர் கொடுத்தது. ஜப்பான்காரர்கள் இதை ஒத்துக்கொள்கிறார்களா?

பதில்: அவர் போனது சீனாவுக்கு. 547-ஐ ஒட்டி எழுதப்பட்ட லோயாங் நகர மடங்களின் குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது; 645-ஐ ஒட்டி வந்த துறவியர் வரலாறு தென்னிந்தியர் என்கிறது. காஞ்சி என்பது பிற்காலச் சீன நூல் சொல்லும் நாட்டுப் பெயரைச் சிலர் வாசிக்கும் விதம். தேநீர் வேறு கதை: ஜென் துறவி எய்சாய் 1191-ல் சீனாவிலிருந்து திரும்பியபோது தேயிலை விதை கொண்டுவந்தார் என்பார்கள். கராத்தே ஒக்கினாவாவில் வளர்ந்தது.

கையால் செய்ய வேண்டுமா? அவரை இங்கே ‘தாருமா’ என்பார்கள். குன்மாவில் தகாசாகி போய் தாருமா பொம்மைக்கு வண்ணம் தீட்டுங்கள். புருவம் கொக்கு, மீசை தாடி ஆமை. இரண்டும் நீண்ட ஆயுளுக்கு. கண் மட்டும் வெறுமையாக இருக்கும். வேண்டுதலோடு ஒரு கண், நிறைவேறியதும் மறு கண்.

புதுப்பயணி: விசாவுக்கு எத்தனை நாள் ஆகும் மேடம்?

பதில்: இரண்டாம் பத்தியைப் படியுங்கள்.

இரண்டு வாலுகளின் அம்மா: ஆறு வயதும் ஒன்பது வயதும். தேநீர் அறையில் விட்டால் கிண்ணம் மிஞ்சாது. என்ன செய்யலாம்?

பதில்: தேநீரே வேண்டாம். கிஃபு மாநிலத்தில் குஜோ ஹச்சிமான் போங்கள். உணவகங்களின் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கும் பொய்ச் சாப்பாட்டைத் தொழிலாக்கிய இவாசாக்கி தாக்கிஸோ பிறந்த ஊர். குழந்தைகளே செய்யலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கிய மஞ்சள் மெழுகைக் கொஞ்சம் உயரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்றினால் அது பஜ்ஜி மாவு மாதிரிப் பூத்துப் பரவும். அதன் மேல் மெழுகு இறாலை வைத்துச் சுருட்டினால் தெம்புரா. கீரை இன்னும் வேடிக்கை. பச்சையும் வெள்ளையும் ஊற்றி, தண்ணீருக்குள் மெல்ல இழுத்தால் நரம்போடு லெட்டூஸ் இலை. உடனே கையில் கிடைக்கும், உடையாது, விமானத்தில் போகும். வெயிலில் காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சுத்த சைவம்: சோபா நூடுல்ஸ் செய்யும் வகுப்பு சைவமா? வெங்காயம் பூண்டும் சாப்பிட மாட்டோம்.

பதில்: மாவு சைவம். குழம்பு சைவம் இல்லை. நூடுல்ஸைத் தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் இருக்கும். உலர்த்திச் சீவிய கட்சுவோ மீன். ‘இறைச்சி இல்லை’ என்று அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை, அவர்கள் கணக்கில் மீன் சாறு தண்ணீர் மாதிரி. முன்பே எழுதிக் கேளுங்கள்: கடற்பாசியும் ஷீட்டாகே காளானும் மட்டும் போட்ட சாறு முடியுமா என்று.

உங்களுக்கு நான் சொல்வது கொயாசான். குகாய் என்ற துறவி 816-ல் மடம் அமைக்க அனுமதி வாங்கிய மலை. ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் தங்கலாம். அங்கே போடும் ‘ஷோஜின்’ சாப்பாட்டில் மாமிசம், மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் கிடையாது. உங்கள் பாட்டி வந்தால்கூடக் குறை சொல்ல முடியாது. காலை வழிபாட்டில் உட்காரலாம், இதய சூத்திரம் என்ற பௌத்த நூலைத் தூரிகையால் பிரதி எடுக்கலாம். மெல்லிய தாளுக்கு அடியில் மூலம் தெரியும், அதன் மேல் எழுதிக்கொண்டே போக வேண்டியதுதான். இன்னொன்று ‘அஜிகான்’ என்ற தியானம். வட்ட நிலவுக்குள், தாமரை மேல், ‘சித்தம்’ என்ற பழைய இந்திய எழுத்தில் ‘அ’ எழுதிய படத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது. எழுத்து வேறு மாதிரி இருக்கும், ஒலி நம் முதல் எழுத்துதான்.

பாயில் நடப்பீர்கள். சாக்ஸ்.

வளசரவாக்கம்: நான் போன வருடமே போய் வந்துவிட்டேன். டோக்கியோவில் ஒரு மணி நேரத்தில் கின்ட்சுகி செய்தேன், உடைந்த கோப்பையை உருக்கிய தங்கத்தால் ஒட்டுவது. தினமும் அதில்தான் காப்பி. எல்லோரும் இதைச் செய்யுங்கள் என்று சிபாரிசு செய்கிறேன்.

பதில்: அதில் காப்பி குடிக்காதீர்கள்.

தங்கம் ஒட்டாது, யாரும் உருக்குவதும் இல்லை. ஒட்டுவது உருஷி என்ற மரப்பால். கோதுமை மாவோடு பிசைந்த உருஷியால் துண்டுகளைச் சேர்ப்பார்கள். அது இறுகியதும் மண் தூள் கலந்த உருஷியால் பள்ளங்களை நிரப்பி, தேய்த்து, மேலே கருப்பு, சிவப்பு உருஷி பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போது தங்கத் தூளைத் தூவுவார்கள். உருஷி காய்வது ஈரத்தில். ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருக்கும் பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும். ஒவ்வொரு கட்டமும் நாள் கணக்கு, மொத்தம் வாரங்கள், சிலசமயம் மாதங்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்தது என்றால் நீங்கள் செய்தது எபாக்ஸிப் பசையும் பித்தளைத் தூளும்.

வளசரவாக்கம்: எங்கள் ஆசிரியை ஜப்பானியப் பெண்மணி. அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா? சாதாரண மக்கள் அனுபவிப்பதைக் குறை சொல்வதே சிலருக்கு வேலை.

பதில்: நீங்கள் அனுபவித்ததைக் குறை சொல்லவில்லை. காப்பியைச் சொல்கிறேன்.

பழைய வேதியியல் மாணவன்: அக்கா சொல்வதில் பாதி சரி. முழுக்க இறுகிய எபாக்ஸி எல்லாம் விஷம் இல்லை, உணவுக்கென்று சான்று பெற்றவையும் உண்டு. பிரச்சினை சூடு. அறை வெப்பத்தில் இறுகும் சாதாரணப் பசைகள் 60 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். ஃபில்டர் காப்பி அதற்கு மேல்.

பதில்: ஒத்துக்கொள்கிறேன், சான்று பெற்றது இருந்தால் நான் சொன்னது மிகை. ஆனால் வகுப்பில் எந்தப் பசை என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? அப்புறம் பித்தளைத் தூள். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் ரசம் வைப்பீர்களா? அதே கணக்கு.

நிலாமுற்றம்: பசை எதுவானால் என்ன? உடைந்ததைத் தங்கத்தால் அலங்கரிப்பது, காயங்களைக் கொண்டாடுவது. அந்தத் தத்துவம்தானே முக்கியம்?

பதில்: நான் உட்கார்ந்திருந்த பட்டறையில் மூன்று மணி நேரமும் பேச்சு, சமையலறைப் பேச்சு: மாவு கூடிப்போச்சு, இன்று குளிர், பெட்டியில் துணியை நனைத்து வையுங்கள். காயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. உருஷியால் வரும் காயத்தைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன். சேராங்கொட்டை தெரியுமா? சலவைக்காரர் துணியில் குறி போடும் அந்தக் கொட்டை. உருஷி மரம் அதற்குச் சொந்தக்காரன்; மா, முந்திரி எல்லாம் ஒரே குடும்பம். காயாத உருஷி தோலில் பட்டால் இரண்டு நாள் கழித்துக் கொப்புளம், அரிப்பு. மாம்பால் பட்டுப் புண் வருகிறவர்கள் அசல் உருஷி வகுப்புக்கே போகாதீர்கள், போனால் முழங்கை வரை கையுறை. எனக்கு முதல் வருடம் இடது கண் மூடிக்கொண்டது. இறுகிய பிறகு அதே உருஷி சூடான மிசோ சூப் ஊற்றிக் குடிக்கும் கிண்ணத்துக்கே பூசும் பூச்சு. நூற்றாண்டுக் கணக்காகச் சாப்பிடுகிறார்கள்.

ஒரு மரம் பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்து, கீறிக் கீறி எடுத்தால் கிடைப்பது ஒரு டம்ளர், சுமார் 200 மில்லி. பிறகு மரத்தை வெட்டிவிடுவார்கள். அதை எப்படி ஒரு மணி நேரத்துக்கு விற்பது?

வளசரவாக்கம்: அப்படியானால் எங்களைப் போல பத்து நாளில் வருகிறவர்கள் எதையும் தொடவே கூடாதா?

பதில்: இது நல்ல கேள்வி. தொடுங்கள். ஒரு மணி நேரத்தில் முடியக்கூடியதைத் தொடுங்கள். நீலச் சாயத் தொட்டி நூறு நாள் வேலையை முன்பே முடித்துவிட்டு உங்களுக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் முக்கும் அரை மணி நேரம் அசல் அரை மணி நேரம். காகிதமும் அப்படி. ஃபுகுய் மாநிலத்தில் எச்சிசென். 2024 மார்ச்சிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலே எச்சிசென்-தாகெஃபு வரை போகிறது. தொட்டியில் கோஸோ மர நார் மிதக்கும் தண்ணீர், அதில் ‘நேரி’ என்று ஒரு வழவழப்பு சேர்ப்பார்கள். அது வெண்டைக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றின் வேர். தொட்டால் வெண்டைக்காய் நறுக்கிய கைதான். அந்த வழவழப்புதான் நாரை அடியில் தங்கவிடாமல் மிதக்க வைக்கிறது. சட்டகத்தை அள்ளி, முன்னும் பின்னும் ஆட்டி, தண்ணீர் வடிய வடிய நார் ஒன்றோடொன்று பின்னுவதை உள்ளங்கையில் உணரலாம். முதல் தாள் ஓரம் தடித்து நடுவில் ஓட்டை விழும். மூன்றாவது தாள் தேறிவிடும். கனாசாவாவில் சாப்ஸ்டிக்குக்குத் தங்க இதழ் ஒட்டும் வகுப்பும் அந்த வகை; நாட்டின் தங்க இதழில் ஏறக்குறைய 99 சதவீதம் அந்த ஊரில்தான் அடிக்கிறார்கள். பேசினால் பறந்துவிடும், மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டும்.

காஞ்சி மைந்தன்: போதிதர்மர் பற்றி...

பதில்: மேலே.

தாம்பரம் தம்பி: அக்கா, தேநீர் வகுப்பு 45 நிமிடம் போதுமா, அசல் எங்கே கிடைக்கும்?

பதில்: முதல் கேள்வி, தம்பி. கும்பகோணத்தானுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

மயிலாப்பூர் மாமி: கிமோனோ வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டால் அவர்கள் தப்பாக நினைப்பார்களோ?

பதில்: இல்லை மாமி, சந்தோஷப்படுவார்கள். வாடகைக் கடைப் பாட்டிகள் இடுப்புத் துணியை இழுத்துக் கட்டும்போது மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு மூச்சு விட மிஞ்சும் இடம் அதுதான். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் இடது பக்கத் துணி மேலே வர வேண்டும். வலது மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை. கடையில் சரியாகத்தான் கட்டுவார்கள். கழிவறைக்குப் போய் வந்து தாங்களே சரிசெய்கிறவர்கள்தான் மாற்றிவிடுகிறார்கள். செல்ஃபி கண்ணாடி போல் திருப்பிக் காட்டினால் பதறாதீர்கள். கியோட்டோவின் கெய்ஷா பேட்டையான கியோன் பக்கம் தனியார் சந்துகளில் நுழையாதீர்கள். 2024 முதல் தடை, பலகையில் 10,000 யென் அபராதம் என்று போட்டிருக்கும். அங்கே போகும் மைக்கோப் பெண்கள், அதாவது கெய்ஷா ஆகப் பயிலும் பெண்கள், வேலைக்குப் போகிறார்கள்.

அரிவாள்: கத்தி அடிக்கும் வகுப்பு?

பதில்: கிஃபுவில் செக்கி. சின்னக் கத்தி அடிக்கலாம். பொட்டலத்தைப் பிரிக்காமல் நேராகப் பெட்டியில் வையுங்கள். காரணமில்லாமல் 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள கத்தியைக் கையில் கொண்டு திரிவது குற்றம். விமானத்தில் செக்-இன் பெட்டி மட்டும்.

கூச்ச சுபாவம்: வெந்நீர் ஊற்றுக் குளியலில் ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. சின்னத் துண்டு தருவார்கள், அதையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது, தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்வாசனை: பானை வனைந்தால் கையோடு எடுத்து வரலாமா?

பதில்: முடியாது. காய்ந்து, சுட்டு, பூச்சுப் போட்டு, மறுபடி சுட ஒன்றிரண்டு மாதம். தபாலில் வரும். தபால் செலவு பானையை விட அதிகமாக இருக்கலாம், முதலிலேயே கேளுங்கள். சூளையில் சுருங்கும், அதனால் நீங்கள் நினைத்ததை விடக் கொஞ்சம் பெரிதாகவே வனையுங்கள். டம்ளர் என்று செய்தது எனக்கு ஊறுகாய்க் கிண்ணமாக வந்தது.

வளசரவாக்கம்: அந்த வகுப்பில் கொடுத்த தாளைத் தேடி எடுத்தேன். கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். கடைசி வரியில் சின்ன எழுத்தில் ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று இருக்கிறது.

பதில்: பேனா போட்டு வையுங்கள். அழகாக இருக்கும், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

பல்லவ நாடு: போதிதர்மர் தமிழர் இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?

பதில்: சொல்லவில்லை. நாளை காலை ஆறரைக்கு ஒரு குழுவோடு உஜியில் இருக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு கேள்வி.

கும்பகோணத்தான்: ரொம்ப நன்றிங்க. மனைவி கேட்கிறாள், சாக்ஸ் சாம்பல் நிறம் பரவாயில்லையா?

பதில்: வெள்ளை.